டிபி மாத்திரை போடுபவரின் மனச்சோர்வு: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசநோய்க்கு மருந்து எடுப்பவரிடம் வீட்டார் தினமும் கேட்பது ஒன்றுதான்: "மாத்திரை போட்டாச்சா?" ஆறு மாதமும் அதே கேள்வி. "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. முதல் தவறு இது.

பசியில்லை, தூக்கமில்லை, உடம்பு இளைக்கிறது, எழுந்து நடக்கவே அசதி. இவை காசநோயிலும் வரும், மனச்சோர்விலும் வரும். அதனால் "பவர் மாத்திரை, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். மருந்து வேலை செய்தால் காய்ச்சல் விடும், இருமல் குறையும், எடை ஏறும். உடம்பு தேறியும் முகம் தேறவில்லையா? பிடித்த எதிலும் நாட்டமில்லையா? "நான் உங்களுக்குப் பாரம்" என்ற பேச்சு வருகிறதா? இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போனால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்தது, தனித்தட்டு. என்னைப் பொறுத்தவரை மருந்தின் கசப்பைவிட இது கொடியது. காசநோய் இருமல், தும்மல் வழியாகக் காற்றில்தான் பரவுகிறது. தட்டிலும் டம்ளரிலும் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால், சில வாரங்களிலேயே பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை முகக்கவசமும் திறந்த ஜன்னலும் வேண்டும். எலும்பிலோ கழுத்துக் கட்டியிலோ மட்டும் வரும் காசநோய் பொதுவாக அடுத்தவருக்குத் தொற்றுவதே இல்லை. அந்த நோயாளிக்கும் திண்ணையில் தனியாகச் சோறு போடுகிற வீடுகள் உண்டு. அவர் மனம் உடையாமல் என்ன செய்யும்?

சில நேரம் காரணம் மருந்திலேயே இருக்கும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குச் சிலருக்குத் தரப்படும் சைக்ளோசெரின், மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும்கூடக் கொண்டுவரக்கூடியது. அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பாதியில் விட்டால் நோய் திரும்பும், கிருமி மருந்துக்கு அடங்காமலும் போகலாம். அளவைக் குறைப்பதும் மருந்தை மாற்றுவதும் டாக்டர் முடிவு.

மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவதும் வேண்டாம். டிபி மருந்தான ரிஃபாம்பிசின் பல மனநல மருந்துகளை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்றிவிடும். இன்னொரு டிபி மருந்தான லினசோலிட் சில மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ந்தால் ஆபத்து. மனநல டாக்டரிடம் போகும்போது டிபி மாத்திரைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். குடித்து மறக்கப் பார்ப்பவருக்கு, ஏற்கெனவே மாத்திரையின் சுமையைத் தாங்கும் கல்லீரல்தான் முதலில் அடிபடும்.

கூலி நின்றுபோன கவலையும் பலரை அரிக்கிறது. சத்துணவுக்காக அரசு தரும் தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய். வங்கிக் கணக்கில் ஏறுகிறதா என்று கூட இருப்பவர்தான் விசாரித்துக் கொடுக்க வேண்டும்.

"செத்துடலாம்னு தோணுதா?" என்று கேட்கப் பயப்படாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. சொல்ல ஒரு ஆள் கிடைத்த ஆறுதல்தான் வரும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இரவிலும் எடுப்பார்கள். மாதத்துக்கான மாத்திரை மொத்தமாக அவர் கையில் இருக்க வேண்டாம். டிபி மாத்திரையில் உள்ள ஐசோனியசிட் என்ற மருந்து அளவு மீறினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். அன்றன்றைக்கு உரியதை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.