ஸ்டார் டிஸ்ட்ராயரா, என்டர்பிரைஸா? கற்பனை விண்கலப் போரைக் கணக்கிடும் முறை

ஸ்டார் வார்ஸின் இம்பீரியல் ஸ்டார் டிஸ்ட்ராயரும் ஸ்டார் ட்ரெக்கின் என்டர்பிரைஸ்-டியும் மோதினால் எது வெல்லும் என்பதைப் பள்ளி இயற்பியலையும் ஒரு கால்குலேட்டரையும் கொண்டே ஆராயலாம்.

படி 1: சான்று விதியை வகுத்தல்

திரையில் கண்டதை மட்டும் ஏற்பதா, துணைநூல்களையும் சேர்ப்பதா என்பதை முதலிலேயே எழுதி வையுங்கள். ஸ்டார் ட்ரெக்கில் திரையில் வந்ததே அதிகாரபூர்வமானது என்பது நெடுநாள் வழக்கம். லூகாஸ் ஃபிலிம் நிறுவனமோ 2014-இல் தன் பழைய நாவல்களை ‘லெஜெண்ட்ஸ்’ என்று பெயரிட்டு மூலக்கதையிலிருந்து விலக்கியது. எந்த விதியானாலும் அது இரு தரப்புக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இவ்வகை விவாதங்களில் பெரும்பாலான தில்லுமுல்லு இங்கேதான் நடக்கிறது.

படி 2: உருவ அளவு

ஸ்டார் டிஸ்ட்ராயரின் நீளம் 1,600 மீட்டர். என்டர்பிரைஸ்-டியின் நீளம் ஏறத்தாழ 642 மீட்டர். நீளத்தை வைத்து வலிமையை முடிவு செய்ய இயலாது என்பதால் இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம்.

படி 3: சுடுதிறன்

1980-இல் வெளிவந்த ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படத்தில் ஸ்டார் டிஸ்ட்ராயர் தன் வழியில் வரும் சிறுகோள்களைச் சுட்டு அழிக்கிறது. அவற்றுள் ஒன்று 40 மீட்டர் விட்டமுள்ள இரும்புக் கோளம் என்று வைத்துக்கொண்டால், அதன் நிறை சுமார் 26.5 கோடி கிலோ ஆகும். ஒரு கிலோ இரும்பை உருக்கி ஆவியாக்க ஏறத்தாழ 80 லட்சம் ஜூல் தேவைப்படுவதால், அந்தக் கோளம் முழுவதையும் ஆவியாக்கத் தேவையான ஆற்றல் அரை மெகாடன் (ஒரு மெகாடன் என்பது பத்து லட்சம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் ஆற்றல்) அளவுக்கு வருகிறது. விட்டம் 20 மீட்டர்தான் என்றால் விடை எட்டில் ஒன்றாகச் சுருங்கிவிடும். பாறை ஆவியாகாமல் சிதறியது மட்டுமே என்றால் இன்னும் வெகுவாகக் குறையும். ஆகவே, திரையில் சிறுகோளை அளக்கும்போது அது கேமராவுக்கு அருகில் உள்ளதா, கப்பலுக்கு அருகில் உள்ளதா என்பதைக் கவனியுங்கள். இவ்வாறு கிடைப்பது அந்த ஒரு குண்டின் ஆற்றல் மட்டுமே, கப்பலின் உச்சத் திறன் அன்று.

எதிர்த்தரப்பில், 1991-இல் வந்த ஸ்டார் ட்ரெக் தொழில்நுட்பக் கையேடு என்டர்பிரைஸ் ஏவும் ஃபோட்டான் டார்பிடோ என்ற ஏவுகணை ஒன்றில் 1.5 கிலோ எதிர்ப்பொருள் (சாதாரணப் பொருளோடு சேர்ந்தால் இரண்டுமே ஆற்றலாக மாறி அழியும் பொருள்) இருக்கலாம் என்கிறது. அது அதே அளவு சாதாரணப் பொருளோடு சேர்ந்து அழிந்தால் சுமார் 64 மெகாடன் வெளிப்படும். என்டர்பிரைஸ் ரசிகர்கள் கொண்டாடுவதற்குள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: 2002-இல் ‘அட்டாக் ஆஃப் த குளோன்ஸ்’ படத்துக்காக வந்த குறுக்குவெட்டுப் படநூல், ஸ்டார் டிஸ்ட்ராயரைவிடச் சிறிய ஒரு துருப்புக் கப்பலின் பீரங்கிக்கே குண்டு ஒன்றுக்கு 200 கிகாடன் (ஒரு கிகாடன் என்பது ஆயிரம் மெகாடன்) என்று எழுதிவிட்டது. நமது சிறுகோள் கணக்கைவிட இது 4 லட்சம் மடங்கு. படநூலை மறுப்பவர், நேர்மையாக, கையேட்டின் 1.5 கிலோவையும் கைவிட வேண்டும்.

படி 4: கவசமும் தொலைவும்

ஸ்டார் ட்ரெக் உரையாடல்களில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்து சுடும் கப்பல்கள், காட்சியில் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன; சொல்லையா காட்சியையா நம்புவது என்பதும் உங்கள் விதியில் இடம்பெற வேண்டும். அரிய நிகழ்வுகளைப் பொதுவிதி ஆக்காதீர்கள். 1983-இன் ‘ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை’யில் எக்சிக்யூட்டர் என்ற பெரிய இம்பீரியல் கப்பலின் கட்டளை மேடையைக் காக்கும் ஆற்றல் கவசம் போன பிறகே ஒரு சிறு போர்விமானம் அதில் மோதி வீழ்த்துகிறது. டார்பிடோவை டிரான்ஸ்போர்ட்டர் (பொருள்களை நொடியில் வேறிடத்துக்கு அனுப்பும் ஸ்டார் ட்ரெக் கருவி) மூலம் எதிரிக் கப்பலுக்குள் அனுப்பிவிடலாம் என்ற பிரபலமான யோசனையும், கவசங்களை ஊடுருவி டிரான்ஸ்போர்ட்டர் இயங்குவதில்லை என்பதால், பெரும்பாலும் எடுபடாது.

படி 5: தீர்ப்பை நிபந்தனையுடன் எழுதுதல்

இரு துணைநூல்களையும் ஏற்றால் ஸ்டார் டிஸ்ட்ராயர் எளிதில் வெல்லும் என்பது என் கணிப்பு. திரைக்காட்சியை மட்டும் ஏற்றால், இரு கப்பல்களின் கவசங்களையும் ஒரே அலகில் ஒப்பிடப் போதிய சான்று கிடைப்பதில்லை. அந்நிலையில் ‘முடிவு எட்டவில்லை’ என்று எழுதுவதே சரியான விடை.