மூளைக்கட்டி செல்லை ஊடுருவ வைப்பது எந்த சிக்னல்? சோதித்துப் பார்ப்பது இப்படி

கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைப் புற்றுநோயில் ஸ்கேனில் தெரிகிற கட்டியை எடுத்துவிடலாம், ஆனால் அதன் விளிம்பைத் தாண்டி நல்ல திசுவுக்குள் ஏற்கெனவே போய்விட்ட செல்களை எடுக்க முடியாது. 1928இல் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் வால்டர் டேண்டி மூளையின் ஒரு பக்க அரைக்கோளத்தையே அகற்றிய அறுவை சிகிச்சைகளைப் பற்றி எழுதினார், அப்படியும் கட்டி திரும்ப வந்தது. அதனால்தான் இந்தச் செல்களை நகர்த்துவது எது என்ற கேள்வி இவ்வளவு முக்கியம். ஒரு சிக்னலின் மேல் சந்தேகம் இருக்கிறது, அதை லேபில் நிரூபிக்க வேண்டும் என்றால் எப்படிப் போகலாம் என்று சொல்கிறேன்.

முதலில் செல்லைப் பாருங்கள். யு87 என்ற கிளையோபிளாஸ்டோமா செல் வகை எல்லா லேபிலும் கிடைக்கும், ஆனால் செல் வங்கிகள் தரும் யு87, முதலில் நோயாளியிடமிருந்து எடுத்த கட்டியோடு பொருந்தவில்லை என்று 2016இல் தெரியவந்தது; தவிர அது எலி மூளையில் பரவாமல் உருண்டையாகத்தான் வளரும். ஊடுருவலைப் படிக்க நோயாளியின் கட்டியிலிருந்து சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) இல்லாத மீடியத்தில், அதாவது வளர்ப்பு நீர்மத்தில், வளர்த்த செல்களே நல்லது. ஒரு விஷயம், அந்த மீடியத்தில் வழக்கமாக ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிப் புரதத்தைச் சேர்ப்பார்கள். நீங்கள் சோதிப்பதே அதை வாங்கிக்கொள்ளும் ஈஜிஎஃப் ரிசெப்டர் என்றால், சிக்னலை நீங்களே ஊற்றிவிட்டு அளக்கிறீர்கள், அதனால் சோதனைக்கு முன் அதை எடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஸ்பீராய்டு, அதாவது செல்கள் சேர்ந்த சிறு உருண்டை. ஒட்டாத வட்ட அடித் தட்டில் ஒரு குழிக்குச் சில ஆயிரம் செல்கள் போட்டு, சில நாளில் உருண்டை சேர்ந்ததும் மேட்ரிஜெல் என்ற புரத ஜெல்லில் புதையுங்கள். மேட்ரிஜெல் கை சூட்டிலேயே இறுகத் தொடங்கிவிடும், ஆகவே பிப்பெட்டின் டிப் முதற்கொண்டு எல்லாம் ஐஸில் இருக்கட்டும். மூளையில் கொலாஜன் நார் மிகக் குறைவு, செல்களுக்கு இடையே இருக்கும் ஹையலுரோனிக் அமிலம் என்ற சர்க்கரைச் சங்கிலிதான் நிறைய, அதைப் பிடித்துக்கொள்ள இந்தச் செல்களின் மேல் சிடி44 என்ற புரதம் உண்டு. முடிந்தால் ஹையலுரோனிக் அமில ஜெல்லிலும் ஒரு முறை செய்து பாருங்கள். 0, 24, 48, 72 மணி நேரத்தில் படம் எடுத்து, மொத்தப் பரப்பிலிருந்து நடு உருண்டையின் பரப்பைக் கழித்தால் ஊடுருவல் கிடைக்கும்.

பலரும் சறுக்குவது இங்கேதான். சந்தேகப்படும் சிக்னலைத் தடுக்கும் மருந்தை (இன்ஹிபிட்டர்) போட்டதும் பரவல் குறைந்தால் செல் நகரவில்லை என்று அர்த்தமாகிவிடாது, பெருகாமலோ செத்தோ போயிருக்கலாம். அதே டோஸில், அதே 72 மணி நேரத்துக்கு உயிரோடுள்ள செல்களைத் தனியாக எண்ணுங்கள். மருந்து போடாத கன்ட்ரோல் குழியிலும், மருந்தைக் கரைத்த டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் அதே அளவு இருக்க வேண்டும்.

சரி, பெருக்கம் மாறவில்லை, பரவல் மட்டும் குறைந்தது. இப்போதுதான் சிக்னல் பக்கம் வருகிறோம். செல் நகர்வில் பங்குள்ள சி-மெட், எஃப்ஏகே, சார்க், மையோசினை முடுக்கும் ராக் (ROCK) ஆகிய கைனேஸ்களில் (பிற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதிகள்) எதுவானாலும், மருந்து அதைத் தொட்டதா என்று, புரதங்களைப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பார்த்தாக வேண்டும்: எஃப்ஏகேவுக்கு டைரோசின் 397 என்ற இடத்தின் பாஸ்பரைலேஷன் (பாஸ்பேட் ஒட்டுவது), ராக்குக்கு மையோசின் லைட் செயினின் பாஸ்பரைலேஷன். பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகளைத் தடுக்கும் பாஸ்பேட்டேஸ் இன்ஹிபிட்டர் இல்லாமல் செல்லை உடைத்தால் பாஸ்பேட் போய்விடும், பட்டை தெரியாததைப் பார்த்துவிட்டு மருந்து வேலை செய்தது என்று நம்பிவிடுவீர்கள். மருந்தை மட்டும் நம்பாதீர்கள், இந்த இன்ஹிபிட்டர்கள் பலதும் பக்கத்துக் கைனேஸையும் அடிக்கும். ஆகவே ஒரு ஜீனை மட்டும் குறிவைத்து அடக்கும் சிறு ஆர்என்ஏவான எஸ்ஐஆர்என்ஏவாலும் அதே ஜீனை அடக்குங்கள், பிறகு அந்த எஸ்ஐஆர்என்ஏவுக்குச் சிக்காத அதே ஜீனின் வடிவத்தைச் செல்லுக்குத் திருப்பிக் கொடுங்கள். ஊடுருவல் திரும்ப வந்தால் உங்கள் வாதம் நிற்கும். என்னைக் கேட்டால், இந்தக் கடைசிப் படி இல்லாத முடிவை நான் ஏற்கமாட்டேன்.

ஒரு வழியை அடைத்தால் இந்தச் செல்கள் வேறு வழி தேடும் என்பதையும் மனதில் வையுங்கள். திசுவைக் கரைக்கும் எம்எம்பி நொதிகளைத் தடுத்தால், சுருங்கும் விசை தரும் மையோசின் 2 புரதத்தின் பலத்தில் உடலைக் குறுக்கி இடுக்கில் நுழையப் பார்க்கும். எம்எம்பியைத் தடுக்கும் மாரிமாஸ்டாட் நோயாளிகளிடம் எதிர்பார்த்த பலன் தரவில்லை. அதனால் 72 மணி நேரப் படங்களில் பரப்போடு செல்லின் வடிவத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், நீண்டு மெலிந்திருந்தவை உருண்டுவிட்டனவா என்று. உருண்டிருந்தால் அடுத்த சுற்றில் ராக் இன்ஹிபிட்டரையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள்.