ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் அறுவை சிகிச்சைக்கு முன்: ஹோல்டர் பரிசோதனைக்குத் தயாராவது எப்படி?

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை. இதற்கு அறுவை சிகிச்சையோ அப்ளேஷனோ (கோளாறைத் தூண்டும் இதயத் திசுவை வெப்பத்தாலோ குளிராலோ செயலிழக்கச் செய்வது) செய்யும் முன், கோளாறு விட்டுவிட்டு வருகிறதா, விடாமல் நீடிக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். வழக்கமான ஈசிஜி சுமார் 10 விநாடிகளை மட்டுமே பதிவு செய்வதால், விட்டுவிட்டு வருவது அதில் சிக்காமல் போகலாம். ஆகவேதான் பெரும்பாலும் 24 அல்லது 48 மணி நேரம் உடலோடு இருந்து இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்டர் கருவியைப் பொருத்துகிறார்கள்.

முதலில், பொருத்தும் நாளன்று குளித்துவிட்டு, மார்பில் எண்ணெயோ பவுடரோ பூசாமல், முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்வான சட்டையுடன் செல்லுங்கள். சாதாரண ஹோல்டர் நனையக் கூடாது என்பதால், கழற்றும்வரை குளிக்க முடியாது. மாத்திரைகளை, குறிப்பாக இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை, நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அடுத்து, உங்கள் கைக்கடிகாரமும் கருவியும் ஒரே நேரம் காட்டுகின்றனவா என்று பாருங்கள். அற்பமாகத் தோன்றினாலும், தொந்தரவுகளை நேரத்தோடு நீங்கள் எழுதிவைக்கும் நாட்குறிப்பின் பயன் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

பிறகு எப்போதும்போல் நடமாடுங்கள். சோதனைக்காக அடங்கி உட்கார்ந்தால், அடங்கிய இதயம்தான் பதிவாகும். தொந்தரவு வந்தவுடன் குறித்துவிடுங்கள். ‘காலை 6.40, மாடிப்படி ஏறினேன், படபடப்பு, 3 நிமிடம்’ என்ற அளவு போதும். மருத்துவர் அதே 6.40-ஐத் திறந்து பார்ப்பார்: துடிப்பு வேகமாக இருந்தும் இடைவெளிகள் சீராகவும் ஒவ்வொரு துடிப்பின் முன்னும் பி அலை (மேலறைகளின் மின்தூண்டலைக் காட்டும் சிறு மேடு) இருந்தும் காணப்பட்டால், அது பெரும்பாலும் படியேறியதன் விளைவு, பி அலை மறைந்து இடைவெளிகள் தாறுமாறாக இருந்தால், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். தலைசுற்றலையும் விடாமல் எழுதுங்கள், ஏனெனில் இந்தக் கோளாறு நிற்கும் தருணத்தில் சிலருக்கு இதயம் சில விநாடிகள் துடிக்காமல் இருந்துவிட்டே சீராகும். இதயத்தைத் துடிக்கத் தூண்டும் பேஸ்மேக்கர் கருவி தேவையா என்ற கேள்வி அங்கிருந்துதான் எழுகிறது. எந்த உணர்வும் தராமல் தூக்கத்தில் வந்துபோவதைக் கருவியே பிடித்துவிடும்.

கருவியின் கம்பிகளை மார்பில் பிடித்திருக்கும் ஒட்டு கழன்றால் அழுத்தி ஒட்டி, நேரத்தைக் குறியுங்கள். சாதாரண ஹோல்டர் யாருக்கும் எச்சரிக்கை அனுப்பாது. மார்புவலியோ மயக்கமோ வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

கருவியுடன் நாட்குறிப்பையும் ஒப்படையுங்கள். மேலறையில் இரத்தக் கட்டி இருக்கிறதா என்பதை இந்தப் பதிவு காட்டாது. அதற்கு உணவுக்குழாய் வழியே எடுக்கும் எக்கோ போன்ற பரிசோதனையைத் தனியாகச் சொல்லக்கூடும்.