கிராபிக்ஸ் கார்டு மாற்றப் போகிறீர்களா? முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள்

போன மே மாதம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, கார்டு வந்துருச்சு. ஸ்லாட்ல உட்கார வெச்சுட்டேன். ஆனா கார்டு மேல எட்டு பின் சாக்கெட் ஒண்ணு இருக்கு. அதுல சொருக நம்ம பெட்டிக்குள்ள ஒயரே இல்ல."

அவன் வாங்கியது என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி, செகண்ட் ஹேண்ட். மாட்ட நினைத்தது, இரண்டு வருடத்துக்கு முன் நான் வாங்கிக் கொடுத்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 டவர். ஆபீஸ்களில் சில வருடம் ஓடிவிட்டு ரீஃபர்பிஷ்டு கடைகளுக்கு வருமே, அந்த வகை மெஷின். நான்காம் தலைமுறை ஐ5 பிராசஸர், 290 வாட் எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை). அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனி ஒயர் வராது.

கார்டு நல்ல கார்டு, மெஷினும் நல்ல மெஷின். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று வாங்கும் முன் பார்க்காமல் விட்டதுதான் கோளாறு. கார்டு மாற்றப் போய்க் காசை விட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். பெரும்பாலானவர்களுக்கு ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்பே நஷ்டம் நடந்துவிடுகிறது. ஆர்டர் போட்டு, பார்சல் வந்த பிறகுதான் கேபினட் மூடியைக் கழற்றுகிறார்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதிகம் பேர் சறுக்குவது அங்கேதான். ஸ்டிக்கரில் பெரிதாக அச்சடித்திருக்கும் வாட் கணக்கை அப்படியே நம்பிவிடுகிறார்கள். என் மேசை மேல் இப்போது பழைய எஸ்எம்பிஎஸ் ஒன்று கிடக்கிறது. மஞ்சள் ஸ்டிக்கரில் 450 என்று கட்டைவிரல் அகலத்துக்கு எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஓர் அட்டவணை. +3.3 வோல்ட், +5 வோல்ட், +12 வோல்ட் என்று கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே எத்தனை ஆம்பியர் என்ற கணக்கு. +12 வோல்ட்டுக்குக் கீழே 16 ஆம்பியர் என்று இருக்கிறது. பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கினால் 192 வாட். கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் இழுப்பது இந்த 12 வோல்ட் லைனிலிருந்துதான். ஆகவே கார்டு வாங்குகிறவருக்கு இது 192 வாட் எஸ்எம்பிஎஸ், 450 வாட் அல்ல. ஆர்டிஎக்ஸ் 3060 மட்டும் 170 வாட் கேட்கும். நான்காம் தலைமுறை ஐ5க்கு 84 வாட். கூட்டினாலே 254 ஆகிவிடுகிறது. போதாததற்குக் கார்டு ஒரே சீராக இழுப்பதில்லை, கண்ணிமைக்கும் நேரத்துக்குச் சொன்ன அளவைத் தாண்டி இழுத்துவிட்டு இறங்கும். 3060க்கு என்விடியாவே 550 வாட் எஸ்எம்பிஎஸ் கேட்பது இதையெல்லாம் சேர்த்துத்தான். டார்ச் அடித்து உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸின் அட்டவணையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நிற்கும்போது அதுதான் கைகொடுக்கும்.

அடுத்தது ஒயர் கணக்கு. மதர்போர்டு ஸ்லாட் ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும். 6 பின் ஒயர் இன்னொரு 75 வாட், 8 பின் ஒயர் 150 வாட். இது கார்டும் மதர்போர்டும் இணைவதற்கான பிசிஐ எக்ஸ்பிரஸ் (பிசிஐஇ) தரத்திலேயே வகுத்து வைத்த அளவு. அக்கா மகன் கார்டுக்கு 8 பின் தேவை. பக்கத்துக் கடையில் விசாரித்திருக்கிறான். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா ஒயரை 8 பின்னாக மாற்றும் கன்வெர்டர் 150 ரூபாய்க்குக் கொடுத்திருக்கிறார்கள். "மாட்டிரட்டுமா மாமா?" என்று கேட்டான்.

"மாப்ள, அதைத் தொடாத. நான் வர்றேன்" என்றேன்.

இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் தாங்குவது 1.5 ஆம்பியர். மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். அதன் தலையில் 150 வாட் இழுக்கக்கூடிய சாக்கெட்டைக் கட்டினால் முதலில் பின் சுடும், அப்புறம் பிளாஸ்டிக் உருகும், அதற்குப் பிறகு எது வேண்டுமானாலும் நடக்கலாம். கேம் ஓடவில்லை என்றால் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் தூங்கும் அறையில் மேசைக்கு அடியில் ஒயர் எரிவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். பிராசஸருக்குப் போகும் 8 பின் வேறு, கார்டுக்குப் போகும் 8 பின் வேறு. முன்னது நான்கு நான்காகப் பிரியும், பின்னது ஆறும் இரண்டுமாகப் பிரியும். போகவில்லையே என்று அழுத்தி ஏற்றுகிறவர்கள் உண்டு. இரண்டாவது, மாடுலர் எஸ்எம்பிஎஸ் (ஒயர்களைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடியது) வைத்திருப்பவர்கள் பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த ஒயர்களையே புதியதில் சொருகிவிடுவது. எஸ்எம்பிஎஸ் பக்கம் இருக்கும் முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் வரும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் ஹார்ட் டிஸ்க் அந்த நொடியே போய்விடும், அதிலிருக்கும் கல்யாண வீடியோவும் கூடவே போகும்.

ஆபீஸ் மெஷின்களில் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிடலாமே என்று தோன்றும். மாற்றலாம், ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. ஆப்டிபிளெக்ஸ் 9020ன் மதர்போர்டில் வழக்கமான 24 பின் சாக்கெட் கிடையாது, 8 பின்தான் இருக்கும். சாதாரண எஸ்எம்பிஎஸ் போட வேண்டுமென்றால் 24லிருந்து 8க்கு மாற்றும் ஒயரையும் சேர்த்து வாங்க வேண்டும். ஒல்லியான ஸ்மால் ஃபார்ம் ஃபேக்டர் பெட்டி என்றால் சாதாரண எஸ்எம்பிஎஸ் உள்ளேயே போகாது. முழு உயரக் கார்டும் நுழையாது, அரை உயர லோ புரொஃபைல் கார்டாகத்தான் தேட வேண்டும். இத்தனையையும் கணக்குப் போட்டால், இந்த மாதிரி மெஷின்களுக்குத் தனி ஒயரே கேட்காத கார்டுதான் சரி என்பது என் கருத்து. ஆர்டிஎக்ஸ் 3050ன் 6 ஜிபி மாடல் 70 வாட்டில் முடிந்துவிடும். ஜிடிஎக்ஸ் 1650 75 வாட். ஆனால் சில கம்பெனிகள் 1650யிலும் 6 பின் சாக்கெட் வைத்து விற்றிருக்கின்றன, போட்டோவில் கார்டின் மேல்விளிம்பைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

கார்டு நீளத்தை அளக்காமல் வாங்குவது இன்னொரு தவறு. இதில் பேச அதிகமில்லை. பின்பக்கத் தகட்டிலிருந்து ஹார்ட் டிஸ்க் கூண்டு வரை இன்ச் டேப் வைத்து அளங்கள், கார்டு கம்பெனியின் தளத்தில் நீளம் மில்லிமீட்டரில் இருக்கும். எத்தனை ஸ்லாட் தடிமன், பக்கவாட்டு மூடிக்கும் கார்டுக்கும் நடுவில் ஒயர் வளைய இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் 16 பின் கனெக்டர் உருகியபோது, முழுதாக உள்ளே போகாத கனெக்டர்தான் முக்கியக் காரணம் என்று என்விடியா சொன்னது. எந்தக் கனெக்டரானாலும் கிளிக் சத்தம் வரும்வரை அழுத்துங்கள்.

பெட்டிக்கு வெளியே இருக்கும் ஒன்றையும் நம் வீடுகளில் மறந்துவிடுகிறோம். யுபிஎஸ்ஸைச் சொல்கிறேன். 600 விஏ என்று எழுதியிருக்கும் யுபிஎஸ் பொதுவாகத் தாங்குவது 360 வாட். டெஸ்க்டாப்பில் படம் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. கேம் ஏறும் நேரத்தில் கரண்ட் போனால் யுபிஎஸ் கீச்சென்று கத்திவிட்டு மொத்தமாக அணைந்துவிடும். கார்டு கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கார்டு, பிராசஸர், மானிட்டர் மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் அந்தச் சின்ன யுபிஎஸ் போதுமா என்று முடிவுசெய்ய வேண்டும்.

இப்போது பிராசஸர். அக்கா மகனின் ஐ5க்கு நான்கு கோர், நான்கு த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் நான்கு வேலைதான் பார்க்கும். அதன் மேல் 3060ஐ மாட்டினாலும் இன்றைய பெரிய கேம்களில் பிராசஸர் நூறு சதவீதத்தில் மூச்சு வாங்கும், கார்டு பாதி வேலைதான் செய்யும். வாங்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்ள வழி உண்டு. நீங்கள் விளையாடும் கேமையோ எடிட்டிங் வேலையையோ ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். இருக்கிற கார்டு 95 சதவீதத்துக்கு மேல் நின்று, பிராசஸர் 50, 60இல் இருந்தால் புதுக் கார்டுக்குப் பலன் உண்டு. பிராசஸர் உச்சியில் நின்று கார்டு சும்மா இருந்தால் பணத்தை வேறு இடத்தில் போடுங்கள்.

பழைய மதர்போர்டுக்காரர்கள் லேன் கணக்கையும், அதாவது கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் டேட்டா போகும் பாதைகள் எத்தனை என்பதையும் பார்க்க வேண்டும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி விலை குறைவு என்று பலர் வாங்கினார்கள். அது பிசிஐஇ 4.0இல் வெறும் 4 லேனில் ஓடும் கார்டு. 9020 போன்ற பிசிஐஇ 3.0 மெஷினில் போட்டால் அந்த வழியும் பாதியாகச் சுருங்கும். 4 ஜிபி மெமரி நிரம்பியதும் படம் திக்கித் திக்கி ஓடும். வீடியோவைச் சுருக்கிப் பதிவுசெய்யும் என்கோடரும் அதில் கிடையாது, ஸ்ட்ரீமிங் செய்ய நினைப்பவர்களுக்கு ஆகாது. இன்டெல் ஆர்க் கார்டு வாங்குகிறவர்கள் தங்கள் மதர்போர்டில் ரீசைஸபிள் பார் வசதி (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே வீச்சில் அணுக விடுவது) இருக்கிறதா என்று பயாஸில், அதாவது மெஷின் ஆன் ஆகும்போது திறக்கும் செட்டிங் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள், அது இல்லாவிட்டால் அந்தக் கார்டின் வேகம் நன்றாகவே குறையும்.

கார்டின் பெயரை மட்டும் பார்த்து வாங்குவது ஏமாறுவதற்கு நேர்வழி. ஜிடி 1030 என்று ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் உண்டு. ஜிடிடிஆர்5 மெமரி போட்டதில் நொடிக்கு 48 ஜிபி டேட்டா போகும். டிடிஆர்4 போட்டதில் 17 ஜிபிகூட போகாது. பெயர் ஒன்று, மெமரி வேகம் மூன்றில் ஒரு பங்கு. ஜிடிஎக்ஸ் 1060இல் 3 ஜிபி வாங்கினால் மெமரி மட்டும் குறையவில்லை, கோர்களும் 1280லிருந்து 1152 ஆகக் குறைகின்றன. ஆர்டிஎக்ஸ் 3050லும் 8 ஜிபிக்கும் 6 ஜிபிக்கும் இதே கதைதான். பில்லில் மெமரி அளவும் வகையும் எழுதச் சொல்லி வாங்குங்கள். பில் வேண்டாம் என்றால் ஆயிரம் ரூபாய் குறைப்பதாகச் சொன்னால், அந்த ஆயிரத்தோடு வாரண்டியும் போகிறது என்று அர்த்தம்.

செகண்ட் ஹேண்ட் பற்றி. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டிக் காசு பார்க்கும் மைனிங் முறையைக் கைவிட்டதும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகம் முழுக்கச் சந்தைக்கு வந்தன. மைனிங் கார்டு என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் ஃபேன் ஆடுகிறதா, மெமரி சூடாகிப் படத்தில் கோடு விழுகிறதா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டானாலும் ஆன்லைனில் பழக்கமான ஆளானாலும், அரை மணி நேரம் லோடு கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பழைய கார்டின் பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் மென்பொருளை) மாற்றி எழுதி 1050 டிஐ என்று விற்ற போலிகளும் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் அப்படிப்பட்டதை ஃபேக் என்று பெயருக்கு முன்னாலேயே காட்டிக்கொடுக்கும், பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போங்கள். 900, 1000 வரிசை ஜிடிஎக்ஸ் கார்டுகளுக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது என்பதையும் விலை பேசும்போது சொல்லிப் பேசுங்கள்.

மாட்டுவது பத்து நிமிட வேலை. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி, உள்ளே மிச்சமிருக்கும் கரண்டை வெளியேற்றுங்கள். பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பழைய கார்டை இழுக்கும் முன் ஸ்லாட் முனையில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் நாக்கை அழுத்துங்கள், அதை உடைத்துவிட்டு வருந்தியவர்கள் நிறைய. கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிற வீடு என்றால், கார்டு போடும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள்.

மாட்டிய பிறகு திரை கறுப்பாக இருந்தால் பயப்படாதீர்கள். மானிட்டர் ஒயர் பெரும்பாலும் இன்னும் மதர்போர்டு போர்ட்டிலேயே இருக்கும், கார்டுக்கு மாற்றுங்கள். பழைய விஜிஏ மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேதி. 1000 வரிசையிலிருந்து என்விடியா கார்டுகளில் அனலாக் சிக்னலே வராது. டிவிஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் 50 ரூபாய் முனை வேலைசெய்யாது, உள்ளே சிப் இருக்கும் எச்டிஎம்ஐ டு விஜிஏ கன்வெர்டர்தான் வேண்டும். ஏஎம்டியிலிருந்து என்விடியாவுக்கோ மறுபக்கமோ தாவுகிறவர்கள், பழைய டிரைவரை டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருள் கொண்டு விண்டோஸின் சேஃப் மோடில் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

அக்கா மகன் அந்த 3060ஐ வாங்கின விலைக்கே நண்பனுக்குக் கொடுத்துவிட்டு, 3050 6 ஜிபி வாங்கினான். மாட்டி முடித்ததும் ஜிபியு-இசட்டைத் திறந்தோம். பஸ் என்ற வரியில் எக்ஸ்8, 1.1 என்று, அதாவது 8 லேன், பிசிஐஇ 1.1 வேகம் என்று காட்டியது. முகம் வாடிவிட்டது அவனுக்கு. கார்டு சும்மா இருக்கும்போது கரண்ட் மிச்சம்பிடிக்க வேகத்தை இறக்கிக்கொள்ளும் என்று சொல்லி, பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்தி, கார்டுக்கு வேலை கொடுக்கும் ரெண்டர் டெஸ்ட்டை ஓடவிட்டேன். 1.1 மறைந்து 3.0 வந்தது. எக்ஸ்8 மட்டும் அப்படியே நின்றது. "பதினாறு வரலையே மாமா?" என்றான். அந்தக் கார்டே 8 லேன் கார்டுதான், அதற்கு மேல் வராது. 16 லேன் கார்டு வாங்கிய உங்களுக்கு அந்த இடத்தில் 8 என்றோ 4 என்றோ வந்தால், மெஷினை அணைத்துக் கார்டைக் கழற்றி, ஸ்லாட்டில் தூசியை ஊதிவிட்டு மறுபடி அழுத்தி உட்கார வையுங்கள்.