பின்னலாடை கன்டெய்னரில் பூஞ்சை பிடிக்காமல் அனுப்புவது எப்படி

திருப்பூரில் பேக் செய்து தூத்துக்குடி வழியாக ஐரோப்பா போகும் பருத்தி ஆடைகளில் பூஞ்சை பிடித்தால், கன்டெய்னர் ஒழுகியதா என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. ஒழுகாத கன்டெய்னரிலும் பூஞ்சை வரும். 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீர்தான் இருக்கும். 40 அடி ஹைகியூப் (உயரம் கூடிய கன்டெய்னர்) முழுக்க வெறும் காற்றாக இருந்தாலும் இரண்டு லிட்டரைத் தாண்டாது. ஆனால் பருத்தியின் இயல்பான ஈரம் 8.5 சதவீதம், 8 டன் ஆடைக்குள் 600 லிட்டருக்கு மேல் நீர் இருக்கிறது. அதில் சிறு பங்கு வெளியே வந்தாலே போதும்.

அது எப்போது வெளியே வரும்? பகல் வெயிலில் சரக்கு சூடாகி ஈரத்தை விடும். இரவில் கூரைத் தகடு 26 டிகிரிக்குக் கீழே இறங்கினால், மேலே சொன்ன அதே காற்று தகட்டில் நீராகப் படிந்து, பெட்டிகள் மேல் சொட்டும். குளிர்காலத்தில் வட ஐரோப்பா போகும் சரக்குக்கு இது மிக அதிகம்.

ஆகவே முக்கியமான வேலை பேக்கிங் ஹாலில்தான். ஸ்டீம் அயர்ன் செய்த பீஸைச் சூட்டோடு பாலி பேக்கில் போடவே கூடாது. நீராவி உள்ளேயே அடைபட்டுவிடும். வேக்கம் டேபிளில் (காற்றை உறிஞ்சி இழுக்கும் அயர்ன் மேசை) ஈரத்தை உறிஞ்சவிட்டு, நன்கு ஆறவிட்டு, துணிக்கான ஈரமானியில் தையல் மடிப்பு, ரிப் (கழுத்து, கை ஓரப் பட்டி), பாக்கெட் ஆகிய தடித்த இடங்களில் பாருங்கள். 9 சதவீதத்துக்கு மேல் காட்டினால் திரும்ப உலர்த்துங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இதில் சலுகையே கூடாது. அட்டைப் பெட்டிகளைச் சிமென்ட் தரையில் அடுக்காதீர்கள். ஈரம் ஏறிய அட்டை வலுவிழந்து, அடி வரிசை நசுங்கும்.

மரப் பேலட்டில் (பெட்டிகளை அடுக்கும் மரத்தட்டு) வெப்பச் சிகிச்சை முத்திரை இருப்பதால் அது காய்ந்த மரம் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சிகிச்சை பூச்சிக்கானது: மரத்தின் உட்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் இருந்தால் போதும். பேலட்டையும் கன்டெய்னரின் பிளைவுட் தரையையும் ஈரமானியால் குத்திப் பாருங்கள்; 18 சதவீதத்தைத் தாண்டினால் மாற்றச் சொல்லுங்கள். கழுவிய தரை மேலே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரமாக இருக்கும். பிறகு ஒருவர் உள்ளே நிற்க, கதவைச் சாத்துங்கள். எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அந்தக் கன்டெய்னர் வேண்டாம். கதவு ரப்பரையும் கையால் தடவிப் பாருங்கள்.

மழையில் லோடிங் வேண்டாம். பெட்டிகளுக்கும் கூரைக்கும் இடைவெளி விட்டு, மேல் வரிசையில் கிராஃப்ட் தாள் விரியுங்கள்.

டெசிக்கன்ட், அதாவது ஈரம் உறிஞ்சும் பொருள், கடைசியில்தான். கால்சியம் குளோரைடு பட்டைகள் 40 அடிக்கு மொத்தம் 12 முதல் 16 கிலோ வரை, பக்கவாட்டுக் கொக்கிகளில் சீராகத் தொங்கவிடுங்கள். உறிஞ்சிய நீரை ஜெல்லாகப் பிடித்துக்கொள்ளும் வகையையே வாங்குங்கள். மற்ற வகையில் பை கிழிந்தால் உப்புநீர் துணியைக் கெடுக்கும். உறையைக் கதவடைக்கும் நேரத்தில் மட்டும் பிரியுங்கள். முன்பே பிரித்தால் குடோன் ஈரத்தையே குடித்துத் தீர்ந்துவிடும். பெட்டிக்குள் போடும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களில் டைமெத்தில் ஃபியூமரேட் என்ற பூஞ்சைத் தடுப்பு ரசாயனம் இல்லை என்று சப்ளையரிடம் எழுதி வாங்குங்கள்; ஐரோப்பிய ஒன்றியம் அதை 2009-லேயே தடை செய்துவிட்டது.

மேல் வரிசைப் பெட்டி ஒன்றில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பதியும் டேட்டா லாகர் வையுங்கள். இறக்கும் இடத்தில் பட்டைகளை எடை போட்டு அனுப்பச் சொல்லுங்கள். கூடிய எடை எவ்வளவோ, அவ்வளவு நீரைப் பட்டைகள் வழியில் உறிஞ்சியிருக்கின்றன. அடுத்த ஷிப்மென்ட்டுக்கு எத்தனை கிலோ வேண்டும் என்பதை அதிலிருந்தே கணக்கிடலாம்.