டீசீக்2-ல ப்ளஸ் மைனஸ் தலைகீழா வருதா? இதைப் பாருங்க

டீசீக்2ங்கறது ரெண்டு நிலைமைக்கு நடுவுல எந்த ஜீனோட வேலை ஏறியிருக்கு, எது இறங்கியிருக்குன்னு கண்டுபிடிக்கற மென்பொருள். ஆர் (புள்ளியியல் கணக்குக்கான நிரல்மொழி), பயோகண்டக்டர் (ஆர்-க்கான உயிரியல் பேக்கேஜ் தொகுப்பு) ரெண்டும் போட்டு வச்சிருப்பீங்கன்னு வச்சுக்கறேன், இன்ஸ்டால் கதையெல்லாம் இங்க வேணாம். பழகறதுக்கு 'ஏர்வே' டேட்டா பேக்கேஜை எடுத்துக்கங்க. நாலு பேரோட மூச்சுக்குழாய் தசை செல், ஒவ்வொருத்தரோடதுலயும் ஒரு பங்குக்கு டெக்ஸாமெத்தசோன் குடுத்து இன்னொரு பங்கை சும்மா விட்டிருக்காங்க, ஆக எட்டு சாம்பிள். ஆஸ்துமாக்கு குடுக்கற ஸ்டீராய்டு வகை மருந்துதான், அது பட்டா எந்த ஜீன் ஏறுது எது இறங்குதுன்னு பாக்க செஞ்சது, பேப்பர் 2014ல வந்துச்சு.

முதல்ல, ஒவ்வொரு ஜீனுக்கும் எத்தனை ஆர்என்ஏ துண்டு கிடைச்சுதுங்கற எண்ணிக்கையை அப்படியே பச்சையா குடுங்க. டிபிஎம், எஃப்பிகேஎம்னு (ஜீன் நீளத்துக்கும் மொத்த எண்ணிக்கைக்கும் ஏத்த மாதிரி மாத்தின அளவுகள்) சமைச்சு குடுத்தா டீசீக்2-க்கு ஆகாது, சாம்பிளுக்கு சாம்பிள் இருக்கற அளவு வித்தியாசத்தை அதுவே சரி பண்ணிக்கும்.

அடுத்து டிசைன், அதாவது எதையெல்லாம் கணக்குல எடுக்கணும்னு சொல்ற ஃபார்முலா: ~ செல் + டெக்ஸ் ('செல்'னா யாரோட செல், 'டெக்ஸ்'னா மருந்து குடுத்ததா இல்லையா). 'செல்'லை விட்டுட்டீங்கன்னா ஆளுக்கு ஆள் இயல்பாவே இருக்கற வித்தியாசம் பூரா இரைச்சலா போய் மருந்தோட வேலையை மூடிடும்.

இப்ப என்னை ரெண்டு நாள் படுத்தின இடம். ரன் பண்ணி ரிசல்ட் பாத்தா டஸ்ப்1ங்கற ஜீன் மைனஸ்ல, அதாவது இறங்கினதா நிக்குது. ஸ்டீராய்டு பட்டா ஏறும்னு ஊருக்கே தெரிஞ்ச ஜீன் அது, எப்படிடா இறங்கும்? சாம்பிள் பேர் மாறிருக்கும்னு நெனச்சு எட்டையும் ஒவ்வொன்னா சரி பாத்தேன், எல்லாம் கரெக்ட். கடைசில பாத்தா, எதை அடிப்படையா வச்சு ஒப்பிடணும்னு நாம சொல்லலன்னா ஆர் அகரவரிசைல முதல்ல வர்றதை எடுத்துக்குது. இதுல பேரு 'ட்ரீட்டட்', 'அன்ட்ரீட்டட்' சுருக்கம், ஆங்கிலத்துல டி-தான் யூ-க்கு முன்னாடி, அதனால மருந்து குடுத்ததே அடிப்படையாகி எல்லா குறியும் தலைகீழ். டீசீக் ஓட்டறதுக்கு முன்னாடி 'ரீலெவல்' போட்டு மருந்து குடுக்காததை முதல்ல வைங்க, ஒரே வரிதான். பி வேல்யூ (நிஜத்துல மாற்றமே இல்லாட்டியும் தற்செயலா இவ்வளவு வித்தியாசம் வர்ற வாய்ப்பு) மாறாது, அதனாலதான் கண்ணுல படவே மாட்டேங்குது.

பி வேல்யூவை நேரா நம்பாதீங்க. 20,000 ஜீனை 0.05ல சோதிச்சா ஒன்னுமே இல்லாட்டியும் சுமாரா 1,000 ஜீன் தேறிடும். 1995ல பெஞ்சமினியும் ஹோக்பெர்கும் சொன்ன முறைல திருத்தின 'பி-அட்ஜ்' நெடுவரிசையை மட்டும் பாருங்க.

லிஸ்ட்டை எக்செல்ல திறக்கவே திறக்காதீங்க, 'செப்ட்2'ங்கற ஜீனை செப்டம்பர் 2ன்னு மாத்தி வச்சிடும். இந்தத் தொல்லையால 2020ல ஜீனோட பேரையே செப்டின்2ன்னு மாத்திட்டாங்க!

அப்டேட்: பி-அட்ஜ்ல 'என்ஏ' (மதிப்பு இல்லைன்னு அர்த்தம்) வருதே, டேட்டா கெட்டுப்போச்சான்னு மூணு பேர் கேட்டுட்டீங்க. இல்லங்க. எண்ணிக்கை ரொம்பக் கம்மியா இருக்கற ஜீனை அதுவே ஒதுக்கிடுது. பி வேல்யூவும் சேர்ந்து என்ஏன்னா ஒன்னு அந்த ஜீன் எல்லா சாம்பிள்லயும் பூஜ்யம், இல்ல ஏதோ ஒரு சாம்பிள்ல மட்டும் தாறுமாறா எகிறியிருக்கு. ரெண்டாவதுன்னா அந்த ஜீனோட எண்ணிக்கையை ப்ளாட் போட்டு ஒரு தடவை பாத்துடுங்க.