கொம்பன் சுறாவெல்லாம் ஒண்ணுதான்னு நினைச்சுராதீங்க

அக்காவுக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள், சுறாப்புட்டு குடுத்தா பால் ஊறும்னு அம்மா என்னைய மீன் வாங்க அனுப்புனாங்க. கரிமேட்டுப் பக்கம் ஒரு கடையில ஐஸ் மேல முழங்கை நீளத்துல ஒண்ணு கெடந்துச்சு, சுத்தியல் மாதிரி தலை, ரெண்டு ஓரத்துலயும் கண்ணு. "என்ன சுறாண்ணே இது"ன்னு கேட்டா, "கொம்பன்மா, சின்ன ரகம், புட்டுக்கு பஞ்சு மாதிரி இருக்கும்"னாரு.

முத தப்பே இதுதான். அது சின்ன ரகம் இல்ல, பிறந்து கொஞ்ச நாளே ஆன குட்டி. கொம்பன் சுறாவுல ஒரு வகையான ஸ்காலப்டு ஹாமர்ஹெட் பிறக்கும்போதே சுமார் 40ல இருந்து 55 சென்டிமீட்டர் இருக்கும், அதுல பொட்டை குட்டி போடணும்னா 2 மீட்டருக்கு மேல வளரணும், அதுக்கே பத்து வருசத்துக்கு மேல ஆயிரும், அதுவரைக்கும் வலையில சிக்காம இருக்கணுமே.

இதுக்கு நெருங்குன சொந்தம் ஸ்மூத் ஹாமர்ஹெட். நிறத்தையும் சைஸையும் வச்சுப் பிரிக்கப் பாக்காதீங்க, ஏமாந்துருவீங்க. தலையோட முன் விளிம்பப் பாருங்க. ஸ்காலப்டுக்கு நட்டநடுவுல ஒரு பள்ளம், அதுக்கு ரெண்டு பக்கமும் நெளிவு, பொரிச்ச அப்பளத்து ஓரம் மாதிரி. ஸ்மூத்துக்கு நடுப்பள்ளமே கிடையாது, வில்லு மாதிரி வளைஞ்சிருக்கும். அந்தக் குட்டியோட தலைய விரலால தடவிப் பாத்தேன், பள்ளம் நல்லாவே தட்டுப்பட்டுச்சு, மனசு கேக்கல, வாங்காம வந்து அக்காவுக்குப் பூண்டுக்குழம்பு வச்சுக் குடுத்தோம்.

அதுக்காக பள்ளம் இருந்தாலே ஸ்காலப்டுன்னும் முடிவு பண்ணிராதீங்க, கிரேட் ஹாமர்ஹெட்டுக்கும் பள்ளம் உண்டு, ஆனா வளந்ததுக்கு தலை முன்பக்கம் கிட்டத்தட்ட நேரா இருக்கும், முதுகுத் துடுப்பு அருவா மாதிரி உசந்து நிக்கும். தலைய வெட்டிட்டாங்கன்னா நம்மால ஒண்ணும் சொல்ல முடியாது.

எந்த உயிரினம் எவ்வளவு அழிவு அபாயத்துல இருக்குன்னு சொல்ற ஐயூசிஎன்-ங்குற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்போட சிவப்புப் பட்டியல்ல ஸ்காலப்டு 'கிரிட்டிக்கலி எண்டேஞ்சர்டு', அதாவது காட்டுல, கடல்ல அழியுறதுக்கு முந்துன கடைசிப் படி. ஸ்மூத் 'வல்னரபிள்'. ரெண்டுக்கும் நடுவுல ஒரு படி இருக்குங்குறதால ஸ்மூத்துக்கு ஆபத்தில்லன்னு சிலர் பேசுறாங்க, அது ரொம்பத் தப்பு, வல்னரபிளும் அழிவு அபாயத்துல இருக்குற வகைதான்.

இன்னொண்ணு, சிவப்புப் பட்டியல் சட்டம் இல்ல. அது நிலைமைய மட்டும் சொல்லுது. சைட்டிஸ்-ங்குறது அழியுற உயிரினங்கள நாடு விட்டு நாடு விக்குறதக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம். 2013ல பாங்காக்ல நடந்த அதோட மாநாட்டுல இந்த மூணு ஹாமர்ஹெட்டையும் இரண்டாம் பின்னிணைப்புல சேத்தாங்க, 2014 செப்டம்பர்ல அமலுக்கு வந்துச்சு. அதுவும் முழுத்தடை இல்ல, துடுப்போ கறியோ நாடு விட்டு நாடு போகணும்னா பெர்மிட் வேணும், அவ்வளவுதான், உள்ளூர்ச் சந்தையில விக்குறத அது தொடாது.